பெயர் சுட்டாத குரல்: ‘அன்னோன் ப்ளெஷர்ஸ்’ இசைத்தொகுப்பும் கேட்போர் மெய்ப்பாடும்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரைச் சார்ந்த ஜாய் டிவிஷன் என்னும் இசைக்குழுவின் முதல் இசைத்தொகுப்பாகிய ‘அன்னோன் ப்ளெஷர்ஸ்’ 1979ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் வெளிவந்தது. பத்துப் பாடல்களைக் கொண்ட இத்தொகுப்பு நாற்பது நிமிடத்திற்குச் சற்றுக் குறைந்த கால அளவினது. ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ் என்னும் சிறு நிறுவனம் முதற்கண் 10,000 இசைத்தட்டுகளை அச்சிட்டது. அவ்வாண்டில் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் இத்தொகுப்பு இடம்பெறவில்லை. பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18ஆம் நாள் தம் 23ஆம் அகவையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதன்பின் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் இத்தொகுப்பு அப்பட்டியலில் 71ஆம் இடத்தை எட்டியது. 2019இல் நாற்பதாம் ஆண்டு நிறைவுப் பதிப்பு வெளியானபோது 5ஆம் இடத்தைப் பெற்றது. நாற்பது ஆண்டுகளில் அதன் ஒலியில் ஒரு சொல்லும் மாறவில்லை. கேட்போர் பெருகினர், கேட்கும் முறை மாறிற்று.

இத்தொகுப்பு சுவைஞர் நெஞ்சில் நீங்காது தங்கியமைக்குப் பொதுவாக இரு காரணங்கள் கூறப்படுகின்றன. பாடகரின் சாவு ஒன்று. தொழில் நசிந்து பாழ்பட்ட மான்செஸ்டரின் சூழல் மற்றொன்று. இரண்டும் முற்றிலும் தள்ளத்தக்கன அல்ல. ஆயினும் முதற்காரணத்தைப் பெரிதாகக் கொள்வோர், தொகுப்பு வெளிவந்து பதினொரு மாதங்கள் கழித்தே அச்சாவு நேர்ந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். அப்பதினொரு மாதங்களில் இப்பாடல்களைக் கேட்டு உள்ளம் நெகிழ்ந்தோர் எதற்காக நெகிழ்ந்தனர் என்னும் வினாவிற்கு அவர்களிடம் விடையில்லை. சாவினை முன்வைத்துப் பாடலைக் கேட்பது பாடலுக்கும் இறந்தவருக்கும் ஒருங்கே இழைக்கும் பிழையாக முடிகிறது என்பதும், இத்தொகுப்பின் நிலைபேற்றுக்கு அதன் கூற்றமைப்பும் ஒலியமைப்பும் கேட்போர்க்கு விட்டுவைத்த வெற்றிடமே முதற்காரணம் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

அகம், புறம், வேம்பு

அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த வரையறை. தலைவன், தலைவி, தோழி என்போர் யாருமாகலாம். அதனாலேயே அவர்தம் துயர் எல்லார்க்கும் உரியதாகிறது. பெயர் சுட்டப்பட்டவிடத்து அத்துயர் வரலாற்றில் வாழ்ந்த ஒருவருடையதாகிப் புறத்தின்பாற் படுகிறது. இதற்கு நெடுநல்வாடை பற்றிய உரைமரபு சிறந்த சான்று. பிரிவாற்றாது வருந்தும் அரசியையும் பாசறையில் துயிலாது திரியும் வேந்தனையும் பாடும் அப்பாட்டில் எவர் பெயரும் இல்லை. எனினும் வேலின் தலையில் வேப்பந்தழை கட்டப்பட்டதாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ ஆதலின் நச்சினார்க்கினியர் அப்பாட்டினைப் புறம் எனக் கொண்டார். ஒரு தழை பாட்டு முழுவதன் திணையையும் மாற்றிவிட்டது.

‘அன்னோன் ப்ளெஷர்ஸ்’ தொகுப்பிற்கும் அத்தகைய தழை ஒன்று வாய்த்தது. அது பாட்டினுள் இல்லை. பாட்டிற்கு வெளியே, 1980 மே 18 என்னும் நாளாக வந்து சேர்ந்தது. அதுகாறும் பெயரற்ற ஒருவனின் கூற்றாக ஒலித்தவை, அந்நாளுக்குப்பின் மேக்கிள்ஸ்ஃபீல்டு நகரின் ஒரு வீட்டில் இறந்த இன்னாரின் வாக்குமூலமாக ஒலிக்கத் தொடங்கின. தமிழ் மரபின் அளவுகோலை ஆங்கில இசைக்குப் பொருத்துவது பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். அகம், புறம் என்பன நிலத்தால் வரையறுக்கப்பட்டன அல்ல. பாடுவோனுக்கும் பாடப்படுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையேயுள்ள உறவால் வரையறுக்கப்பட்டன. அவ்வுறவு எம்மொழிப் பாடலிலும் உண்டு.

தற்செயலாக நேர்ந்த ஒற்றுமை ஒன்றும் உண்டு. இவ்விசைத்தட்டின் இரு பக்கங்களும் ஒன்று, இரண்டு என எண்ணிடப்படவில்லை. முதற்பக்கம் ‘வெளியே’ எனவும் மறுபக்கம் ‘உள்ளே’ எனவும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களால் குறிக்கப்பட்டன. இதன்மேல் பெருங்கட்டடம் எழுப்புதல் வேண்டா. ஆயின் தொகுப்பை உருவாக்கியோர் இவ்வேறுபாட்டை உணர்ந்தே இருந்தனர் என்னும் அளவிற்கு இது பயன்படும்.

உறையில் பெயரின்மை

இத்தொகுப்பின் உறை கருநிறத்தது. அதன் முகப்பில் குழுவின் பெயரும் இல்லை. தொகுப்பின் பெயரும் இல்லை. பாடகரின் உருவப்படம் இல்லை. பாடல்களின் சொற்கள் அச்சிடப்படவில்லை. முகப்பில் உள்ளவை வெண்கோடுகள் மட்டுமே; மலைத்தொடர் போன்று ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த எண்பது அலைகோடுகள். 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் கண்டறிந்த முதல் துடிப்பு விண்மீனின் வானொலித் துடிப்புகளை அடுத்தடுத்துப் பதிவுசெய்த வரைபடம் அது. ஹெரால்டு கிராஃப்ட் 1970இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர்பட்ட ஆய்வேட்டில் இடம்பெற்று, பின்னர்க் கேம்பிரிட்ஜ் வானியல் கலைக்களஞ்சியத்தில் மறுபதிப்பாயிற்று. கிட்டார் இசைஞர் பெர்னார்ட் சம்னர் அதனைத் தேர்ந்தெடுக்க, வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் வெண்தாளிற் கருங்கோடாக இருந்ததைக் கருந்தாளில் வெண்கோடாக மாற்றினார்.

வெடித்துச் சிதைந்த விண்மீனின் எஞ்சிய கரு, ஏறத்தாழ 1.33 நொடிக்கு ஒருமுறை தவறாது விடுக்கும் துடிப்பு அது. கர்ட்டிஸ் வலிப்புநோயால் அவதியுற்றவர் என்பது பரவலாகத் தெரியவந்தபின், இக்கோடுகளை மூளையலை வரைபடம் என்றும் இதயத்துடிப்பு என்றும் கருதிய சுவைஞர் பலர். படம் மாறவில்லை; வேப்பந்தழை ஏறியபின் அது வேறாகத் தோன்றிற்று. ஒரு பொருளை உள்ளவாறு காணவொட்டாமல் தடுக்கும் ஆற்றல் வரலாற்றறிவுக்கும் உண்டு என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

சொற்கள் அச்சிடப்படாமையின் விளைவு இதனினும் ஆழமானது. கர்ட்டிஸின் தாழ்ந்த குரலில் சில சொற்கள் தெளிவாகக் கேட்கும்; சில தேய்ந்து மறையும். கேட்போன் மறைந்த சொல்லைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறான். பலமுறை கேட்டுத் தானே நிரப்பிய சொல் கேட்போனுக்குத் தன் சொல்லாகவே ஆகிவிடுகிறது. பின்னாளில் அச்சில் வேறு சொல்லைக் கண்டாலும் பழைய சொல்லை அவன் எளிதில் விடுவதில்லை.

கை

தொகுப்பின் தொடக்கப் பாடல் ‘டிஸார்டர்’. உணர்வு அற்றுப்போன ஒருவன், தன் கையைப் பற்றி அழைத்துச் செல்ல ஒரு வழிகாட்டி வருவான் என எதிர்நோக்குவதே அதன் தொடக்கம். துள்ளலான தாளம் உடையது. மேலோட்டமாகக் கேட்போர்க்கு நடனப்பாடல் போலவே தோன்றும். தாளம் விரைய விரைய, உணர்வு என்னும் பொருளுடைய ஒற்றைச்சொல்லைக் குரல் மீண்டும் மீண்டும் கூவி அடங்குகிறது. வழிகாட்டி வந்தானா என்பது சொல்லப்படவில்லை.

‘உள்ளே’ எனப் பெயரிய மறுபக்கம் ‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ பாடலுடன் தொடங்குகிறது. கர்ட்டிஸ் மேக்கிள்ஸ்ஃபீல்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உடற்குறையுடையோர்க்குப் பணி தேடித்தரும் பிரிவில் அலுவலராக இருந்தவர். அங்கு வேலைதேடி வந்த ஓர் இளம்பெண்ணுக்கு வலிப்புநோய் இருந்தது. பிறகு அவள் இறந்துவிட்டாள் என அவர் அறிய நேர்ந்தது. அதுவே இப்பாடலின் கரு. பாடலில் அவளுக்குப் பெயர் இல்லை. ‘அவள்’ என்னும் படர்க்கைச் சொல்லே உண்டு. தன்னுணர்வு இழந்த அவள் அருகிருப்போரைப் பற்றிக்கொள்கிறாள். ஒருகட்டத்தில் திரும்பிப் பாடுவோனின் கையையும் பற்றுகிறாள். பற்றப்பட்டவனோ அவள் நிலையைத் தான் ஒருபோதும் விளங்கிக்கொள்ள இயலாது என்கிறான்.

இவ்விரு பாடல்களும் இசைத்தட்டின் இரு பக்கங்களுக்கும் தலைவாயிலாக அமைந்தமை ஊன்றி நோக்கத்தக்கது. முன்னதில் தன் கையை எவரேனும் பற்றுவார்களா என ஏங்கியவனின் கையை, பின்னதில் ஒருத்தி பற்றுகிறாள். ஆயின் அவள் வழிகாட்ட வந்தவள் அல்லள். அவனினும் பெருந்துன்பத்தில் வீழ்ந்தவள். எதிர்பார்த்த துணை உதவி வேண்டுவோளாக வந்து நிற்கிறது. ரால்ஃப் கிப்சன் எடுத்த ஒளிப்படம் ஒன்று இத்தொகுப்பின் உள்ளுறையை அணிசெய்கிறது. பாதி திறந்த கதவும் அதனருகே நீளும் ஒரு கையுமே அப்படம். பாடல்களையும் படத்தையும் திட்டமிட்டு இணைத்தனர் என்பதற்குச் சான்றில்லை. சான்று தேவையுமில்லை, கேட்டுக்கொண்டே உறையைக் கையில் வைத்துப் பார்த்திருந்த பதின்பருவத்துச் சுவைஞனுக்கு அவ்விணைப்பு தானே நிகழும்.

இங்குப் பாடுவோன் துன்புறுவோன் அல்லன், துன்பத்தைக் காண்போன் என்பதே முதன்மையான செய்தி. திறனாய்வாளர் பலரும் இத்தொகுப்பைத் தன்னிரக்கத்தின் உச்சம் என்று புகழ்ந்தோ இகழ்ந்தோ கூறுவர். தன்னிரக்கம் கேட்போனுக்கு இடமளிப்பதில்லை. அதனைக் கேட்போன் இரங்கலாம், அல்லது சலிக்கலாம். பிறர் துன்பத்தின்முன் கையறு நிலையில் நிற்கும் கூற்றோ கேட்போனைத் தன்னருகே நிறுத்திக்கொள்கிறது. இருவரும் ஒருங்கே காண்கின்றனர். இருவராலும் உதவ முடியவில்லை.

இப்பாடலின் பிற்கால வடிவம் ஒன்று 1980 மார்ச்சில் பதிவாகி, பாடகரின் மறைவுக்குப்பின் பன்னிரண்டு அங்குல இசைத்தட்டாக வெளிவந்தது. அதன் இறுதியில் முன்பில்லாத ஒரு பகுதி சேர்க்கப்பட்டிருந்தது. அப்பகுதி தன்மைக் கூற்றில் அமைந்தது. இடைப்பட்ட காலத்தில் கர்ட்டிஸின் வலிப்புநோய் மிகுந்து, மேடையிலேயே அவர் வீழ்ந்த நிகழ்வுகளும் உண்டு. படர்க்கை தன்மையாக மாறியதற்கு வாழ்க்கைக் காரணம் இருந்தது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் கலை நோக்கில் 1979ஆம் ஆண்டு வடிவமே உயர்ந்தது. ‘நான்’ நுழைந்தவுடன் பாட்டில் கேட்போன் நிற்க இருந்த இடத்தைப் பாடுவோன் தானே எடுத்துக்கொள்கிறான்.

வெற்றிடத்தின் ஒலி

சொல்லமைப்பில் கண்ட இவ்வெற்றிடம் ஒலியமைப்பிலும் உண்டு. அதனை உருவாக்கியவர் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட். 1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட்டிலுள்ள ஸ்ட்ராபெரி ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவு நிகழ்ந்தது. அதே மாதத்தில் கர்ட்டிஸுக்கு மகள் பிறந்தாள். மேடையில் இக்குழு பங்க் மரபின்படி உரத்தும் நெருக்கியும் இசைத்தது. ஹானெட் அந்நெருக்கத்தைக் கலைத்தார். ஸ்டீபன் மாரிஸின் முரசுக்கருவிகளை ஒவ்வொன்றாகத் தனியே வாசிக்கச் செய்து பதிவுசெய்தார். ஒன்றன் ஒலி மற்றொன்றில் கலவாதபடி காத்தார். அக்காலத்திற் புதிதாக வந்திருந்த ‘டிஜிட்டல் டிலே’ என்னும் ஒலித்தாழ்ப்புக் கருவியால் ஒவ்வோர் அடிக்கும் பின்னே ஒரு நிழலை உண்டாக்கினார். மின்தூக்கியின் இயக்கவொலி, கண்ணாடி உடையும் ஒலி ஆகியவை பாடல்களுக்குள் இடம்பெற்றன. பீட்டர் ஹூக்கின் பாஸ் கிட்டார் அடியில் நின்று தாங்காமல் மேலேறி இன்னிசையைச் சுமக்கிறது. சம்னரின் கிட்டார் தொலைவிலிருந்து கீறலாக வருகிறது. கீழும் மேலும் நிரம்பியிருக்க நடுவே பரந்த வெளி ஒன்று விடப்பட்டுள்ளது. குரல் அவ்வெளியில் தனித்து நிற்கிறது.

சம்னருக்கும் ஹூக்கிற்கும் இது பிடிக்கவில்லை. தம் குழுவின் வேகத்தை ஹானெட் அழித்துவிட்டார் எனக் கருதினர். அதனை இருவரும் பின்னாளில் வெளிப்படையாகவே கூறியுள்ளனர். அவர்கள் விரும்பியவாறு பதிவு நிகழ்ந்திருப்பின் இத்தொகுப்பு 1979ஆம் ஆண்டின் நல்ல பங்க் தொகுப்புகளுள் ஒன்றாக நின்றிருக்கும், அதற்குமேல் சென்றிருக்காது. இசைத்தவர் உள்ளம் ஒன்றாகவும் இசையின் விளைவு வேறாகவும் இருத்தல் கலைவரலாற்றில் அரிதன்று.

இசைத்திறனாய்வாளர் ஜான் சாவேஜ் 1979இல் லண்டனிலிருந்து மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்தவர். அந்நகரைத் தாம் அறிந்துகொள்ள உதவியது இக்குழுவின் இசையே எனப் பின்னாளில் எழுதியுள்ளார். சம்னர் வளர்ந்த சால்ஃபோர்டு பகுதியில் பழைய தெருக்கள் இடிக்கப்பட்டு மக்கள் அடுக்ககங்களுக்கு மாற்றப்பட்டனர். தம் இளமையின் தெருக்களே இல்லாமற் போனதை அவர் பலகாலும் நினைவுகூர்ந்துள்ளார். தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுவார். உயிர் முதலியவற்றை இழத்தல் இழவு. முன்னைய நிலை கெட்டு வேறாகி வருந்துதல் அசைவு. 1980 மேக்கு முன் இத்தொகுப்பைக் கேட்டோரின் துயர் அசைவின்பாற் பட்டது. பின்கேட்டோரின் துயரில் இழவும் வந்து கலந்தது. மார்க் ஃபிஷர் 2014இல் வெளிவந்த தம் நூலில், இக்குழுவின் இசை வருத்தம் என்பதைவிட உளச்சோர்வு என்றே கொள்ளத்தக்கது என வாதிடுகிறார். வருத்தத்திற்கு ஒரு பொருள் உண்டு. உளச்சோர்வோ உலகம் முழுவதையும் பற்றிய ஒரு கருத்தாகவே தன்னை முன்வைக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் வேறுபாடு அசைவு, இழவு என்னும் வேறுபாட்டிற்கு மிக அணுக்கமானது.

குழுவின் பெயர் பற்றி ஒரு சொல் கூறாமல் செல்ல இயலாது. நாட்சி வதைமுகாமில் பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆட்படுத்தப்பட்ட பிரிவின் பெயராக ஒரு புதினத்தில் வருவது அது. இளைஞர் நால்வர் அதிர்ச்சிக்காகத் தேர்ந்த பெயர் எனச் சிலர் அமைதி கூறுவர். அது அமைதியாகாது.

இறந்தவரின் பெயர்

கர்ட்டிஸ் மறைந்தது குழு அமெரிக்கப் பயணம் புறப்படவிருந்த நாளுக்கு முந்தைய நாள். எஞ்சிய மூவரும் நியூ ஆர்டர் என்னும் பெயரில் தொடர்ந்தனர். இரண்டாம் தொகுப்பாகிய ‘க்ளோசர்’ ஜூலையில் வெளிவந்தபோது அதன் உறையில் இத்தாலிய இடுகாடு ஒன்றின் கல்லறைச் சிற்பம் இருந்தது. சாவுக்கு முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டது அது. ஆயினும் எல்லாம் முன்னறிவிப்பாக வாசிக்கப்படும் காலம் தொடங்கிவிட்டது. முதல் தொகுப்பின் ‘நியூ டான் ஃபேட்ஸ்’ போன்ற பாடல்கள் பின்னோக்கி விடைபெறும் சொற்களாகக் கேட்கப்பட்டன.

இவ்வாசிப்பில் ஒரு கொடுமை உண்டு. பாடலை முன்னறிவிப்பு எனக் கொண்டால், உடனிருந்தோர் அனைவரும் அதனைக் கேட்டும் கேளாதவர் ஆகின்றனர். பயிற்சிக்கூடத்தில் கருவிகளின் இரைச்சலில் சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை என்றும், கேட்டவற்றையும் தம் நண்பர் தம்மைப் பற்றி எழுதியதாக எண்ணவில்லை என்றும் குழுவினர் பின்னர்க் கூறினர். இருபத்திரண்டு, இருபத்துநான்கு அகவையினரான அவர்கள் வாழ்நாள் முழுதும் சுமந்த பழி அது. அகப்பாடலில் ‘யான்’ என்பது புலவன் அல்லன் என்னும் நெறிப்படி கேட்டனர் அவர்கள். அந்நெறி கலைக்கு ஏற்றது, நட்பிற்குப் போதாமற் போயிற்று. இரண்டையும் சேர்த்து நோக்காத எந்தத் திறனாய்வும் முழுமையுறாது.

மனைவி டெபோரா கர்ட்டிஸ் 1995இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூல் இவ்வகையில் இன்றியமையாதது. அதில் வருபவர் துயரத்தின் தூதர் அல்லர்; பணத்தட்டுப்பாடும் நோயும் மருந்தின் விளைவுகளும் குடும்பப் பிளவும் சூழ்ந்த ஓர் இளைஞர். சினந்தும் பொய்த்தும் ஒழுகிய கணவரும் அவரே. ஆன்டன் கார்பின் 2007இல் இயக்கிய ‘கன்ட்ரோல்’ திரைப்படம் இந்நூலை அடியொற்றியது. கருப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட அப்படம் நூலைவிட அழகானது. அவ்வழகே அதன் குறை. நூலில் துணி துவைக்கவேண்டியிருந்த வீடு, படத்தில் ஒளிப்படக்காட்சி ஆகிவிட்டது. சாவைக் கலையின் உண்மைக்குச் சான்றாக்கும் மனப்பாங்கிற்கு டெபோராவின் நூலே மறுப்பு. இறந்தமையால் பாடல் உண்மையாகவில்லை; இறக்காதிருந்தாலும் அது உண்மையாகவே இருந்திருக்கும்.

சுவைஞர்

மேக்கிள்ஸ்ஃபீல்டு இடுகாட்டில் கர்ட்டிஸின் நினைவுக்கல் உள்ள இடத்திற்கு ஆண்டுதோறும் மே 18 அன்று பல நாட்டினர் வந்து பூவும் கடிதமும் வைக்கின்றனர். நடுகல்லுக்குப் பூச்சூட்டும் வழக்கத்தை அறிந்தோர்க்கு இது புதிதன்று. கல்லில் பெயரும் நாளும் உள்ளன; புறத்தின் இலக்கணம் முழுமையாக நிறைவேறிய இடம் அது. 2008 ஜூலையில் அக்கல் திருடப்பட்டது. பின்னர் வேறு கல் வைக்கப்பட்டது. 2020இல் மான்செஸ்டரில் உலக மனநல நாளையொட்டி ஒரு கட்டடச் சுவரில் வரையப்பட்ட கர்ட்டிஸின் பேருருவம் 2022 ஆகஸ்டில் மற்றொரு இசைக்கலைஞரின் தொகுப்பு விளம்பரத்தால் மறைக்கப்பட்டபோது சுவைஞரிடையே பெருஞ்சினம் எழுந்தது. அந்த இளங்கலைஞர் தமக்கு அது தெரியாது எனக் கூறிச் சரிசெய்ய முன்வந்தார். ஒரு சுவரோவியம் அழிந்ததற்குத் தம் வீட்டு இழவு போல மக்கள் வருந்துவதற்குப் பாடகரின் புகழ் மட்டும் காரணமாக இயலாது.

அலைகோட்டுப் படம் அடைந்த நிலை வேறு. அது சட்டைகளில் அச்சிடப்பட்டு உலகெங்கும் விற்கிறது. 2012இல் டிஸ்னி நிறுவனம் அக்கோடுகளை மிக்கி எலியின் வடிவில் வளைத்துச் சட்டையாக விற்கத் தொடங்கி, எதிர்ப்பு எழவே விலக்கிக்கொண்டது. பாடலைக் கேளாமலே அச்சட்டையை அணிவோரைப் பழைய சுவைஞர் எள்ளுவதுண்டு. எள்ளல் தேவையற்றது. பெயரற்ற உறை ஒன்று தன் பெயரை அறியாதாரிடமும் சென்று சேர்வது அதன் இயல்பே. சட்டையிலிருந்து பாட்டிற்கு வந்தோரும் உளர்.

தனிமனிதத் துயரும் இத்தொகுப்பும் சேர்ந்த இடத்திற்குப் பால் மார்லியின் எழுத்து சான்று. இக்குழுவைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்து எழுதிய இதழாளர் அவர். 1977இல் அவர் தந்தை தற்கொலை செய்துகொண்டார். அதனைப் பற்றி எழுத அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 2000இல் வந்த ‘நத்திங்’ என்னும் அந்நூலில் தந்தையின் சாவும் கர்ட்டிஸின் சாவும் பின்னிப் பிணைந்துள்ளன. பாடகரின் சாவு அவருக்குத் துயரைப் புதிதாகக் கொடுக்கவில்லை. முன்பே இருந்து பேச வாயற்றுக் கிடந்த துயர் அவருடையது. பெயர் சுட்டாத பாடல்கள் விட்டுவைத்த இடத்தில் தந்தையின் பெயர் வந்து அமர்ந்தது. இறந்த பாடகருக்காக அழுவதாகத் தோன்றும் சுவைஞர் பலர் உண்மையில் யாருக்காக அழுகின்றனர் என்னும் வினாவை இந்நூல் எழுப்புகிறது.

கர்ட்டிஸ் மறைந்த முப்பதாம் ஆண்டு நாளாகிய 2010 மே 18 அன்று, மான்செஸ்டரில் முன்பு ஃபாக்டரி நிறுவனத்தின் அலுவலகமாக இருந்த கட்டடத்தில், பீட்டர் ஹூக் தம் புதிய குழுவுடன் ‘அன்னோன் ப்ளெஷர்ஸ்’ தொகுப்பினை முழுமையாக இசைத்தார். பாடகரின் இடத்தில் வேறொருவரை நிறுத்தாமல் தாமே நின்று பாடினார். நண்பரின் நினைவை வணிகமாக்குகிறார் எனக் கண்டித்தோரும் உண்டு. ஹூக்கின் குரல் கர்ட்டிஸின் குரலன்று. அதனை ஒத்திருக்க அவர் முயலவுமில்லை. அன்று அவையோர் கேட்டது ஐம்பத்துநான்கு அகவையினர் ஒருவர், தம் இருபத்துமூன்றாம் அகவையில் அருகிருந்தும் கவனியாது விட்ட சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாடியதையே. முதற்பாடலில், கைப்பற்றி அழைத்துச் செல்வோனை எதிர்நோக்கும் அவ்விடம் வந்தபோது, பாடியவரும் கேட்டோரும் அதே இடத்தில்தான் நின்றனர்.